ஆலங்கட்டியும் தேங்காயும்: திருவனந்தபுரத்தில் ஷிங்கிள் கூரை

ஷிங்கிள் எனப்படும் கூரைப் பட்டை தூரத்திலிருந்து பார்க்க ஓடு போலத் தோன்றும். கையில் எடுத்தால் வேறு பொருள் என்பது தெரிந்துவிடும். கண்ணாடியிழையால் ஆன மெல்லிய பாயின் இரு பக்கமும் தாரும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்த குழம்பைப் பூசி, மேற்பக்கத்தில் நிறமேற்றிச் சுட்ட கற்குறுணைகளை அழுத்திப் பதித்தால் கிடைப்பது அது. நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர், அகலம் ஓரடிக்குச் சற்றுக் கூடுதல். கத்தியால் அறுக்கலாம், கையால் வளைக்கலாம். நீரைத் தடுப்பது தார். கிழியாமல் தாங்குவது கண்ணாடியிழை. வெயிலின் புற ஊதாக் கதிர் தாரைத் தொடாமல் காப்பது கற்குறுணை. இந்தக் குறுணையை அழகுக்காக ஒட்டிய வண்ணம் என்றே வீட்டுக்காரர் பலரும் நினைக்கிறார்கள். அது உதிர்ந்த இடத்தில் தார் காய்ந்து, சுருங்கி, வெடிக்கத் தொடங்குகிறது. ஷிங்கிள் கூரையின் ஆயுள் அதன் குறுணையின் ஆயுள்தான்.

இதன் தாயகம் வட அமெரிக்கா. டொராண்டோ புறநகர்களில் தமிழர் வாழும் வீடுகளிலும் பெரும்பாலும் இதுவே கூரை. அங்கே மரச்சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் நீர்த்தடுப்புத் தாள், அதன்மேல் ஷிங்கிள். பலகைக்குக் கீழே காற்றோட்டம் உள்ள பரண். திருவனந்தபுரத்தில் ஷிங்கிள் வந்து சேர்ந்த வழி வேறு. தட்டையான மொட்டைமாடி ஒழுகுகிறது என்று சலித்துப்போனவர்கள் சாய்தளக் கான்கிரீட்டை வார்த்தார்கள். அந்தச் சாய்தளத்துக்கு ஒரு போர்வை தேவைப்பட்டது. மங்களூர் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு நாற்பது கிலோ அளவுக்குக் கனக்கும். ஷிங்கிள் பத்துப் பன்னிரண்டு கிலோதான். வளைந்த கூரை, கூம்பு, கோபுர முனை என்று எந்த வடிவத்துக்கும் படியும். கவடியார், பட்டம், கழக்கூட்டம் பக்கங்களில் எழும் புது வீடுகளுக்கு ஓவியர் வரைந்து தரும் முகப்புப் படங்களுக்கு இது பொருந்திப்போனது. இரும்புச் சட்டத்தின் மேல் சிமென்ட் இழைப் பலகை பரப்பி அதன்மேல் ஒட்டுவோரும் உண்டு.

பிறந்த நாட்டில் இந்தப் பொருளின் முதல் எதிரி ஆலங்கட்டி. இடிமேகத்துக்குள் மேலெழும் காற்று நீர்த்துளிகளை உறைநிலைக்கு மேலே தூக்கிச் செல்கிறது. அங்கே பனிக்கரு ஒன்றில் குளிர்ந்த துளிகள் மோதி உறைந்து, அது படிப்படியாகப் பெருக்கிறது. காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் விழுகிறது. இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள கல் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்திலும், ஐந்து சென்டிமீட்டர் கல் 110 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்திலும் தரை சேரும். விட்டம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகிறது, வேகமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து மோதலின் ஆற்றல் ஏறத்தாழ பதினாறு மடங்காகிவிடும். கோலிக்குண்டு அளவுக் கற்கள் ஒரு மணி நேரம் பெய்தும் ஒன்றும் ஆகாத கூரை, எலுமிச்சை அளவுக் கற்கள் ஐந்து நிமிடம் விழுந்ததும் வீணாவது இதனால்தான். தார் ஷிங்கிளுக்குச் சேதம் தொடங்கும் எல்லை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். பழைய கூரைக்கு அதுவும் வேண்டியதில்லை.

அடி விழுந்த ஷிங்கிளில் நிகழ்வது மூன்று. முதலாவது, குறுணை உதிர்ந்து கருப்பான வட்டம் தெரிவது. இரண்டாவது, மேலே பெரிதாக ஒன்றும் தெரியாமல் அடியிலுள்ள கண்ணாடியிழைப் பாய் உடைவது. விரலால் அழுத்தினால் அந்த இடம் மெத்தென்று அமுங்கும். மூன்றாவது, ஓட்டையே விழுவது. மூன்றாவது அரிது, உடனே கண்டுபிடித்தும் விடலாம். தொல்லை இரண்டாவதில்தான் இருக்கிறது. அன்றைய மழையில் ஒரு சொட்டும் ஒழுகாது. வெயிலில் விரிந்தும் மழையில் சுருங்கியும் அந்த உடைவு மெல்ல மேற்பரப்புக்கு ஏறி வரும். இரண்டு மூன்று ஆண்டு கழித்துச் சுவரில் ஈரம் படரும்போது காரணம் எதுவென்று யாருக்கும் நினைவிருக்காது. குளிரில் தார் விறைத்துப்போவதால், ஆலங்கட்டியோடு வரும் சட்டெனக் குளிர்ந்த காற்றும் உடைவுக்குத் துணைபோகிறது.

அடிதாங்கும் திறனை அளக்க அமெரிக்காவில் யு.எல். 2218 என்ற சோதனை முறை உண்டு. எஃகுக் குண்டை உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரு முறை போட்டு, பின்பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான்கு வகுப்புகள். மிக உயர்ந்த நான்காம் வகுப்புக்கு இரண்டு அங்குலக் குண்டு, இருபது அடி உயரம். அரைக் கிலோவுக்குச் சற்று மிகுந்த அந்தக் குண்டின் மோதல் ஆற்றல் கணக்கிட்டால் 32 ஜூல் வருகிறது; ஐந்து சென்டிமீட்டர் ஆலங்கட்டியின் ஆற்றலும் அதே அளவுதான். சூரிய மின்தகடுகளுக்கான பன்னாட்டுச் சோதனையில் 25 மில்லிமீட்டர் பனிக்குண்டை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் எறிந்து பார்ப்பது வழக்கம். அது 2 ஜூல் அளவுதான்.

ஆலங்கட்டி இந்தியாவுக்குப் புதிதல்ல. உலக வானிலை அமைப்பு பதிவு செய்திருக்கும் மிகக் கொடிய ஆலங்கட்டி மழை உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் அருகே 1888 ஏப்ரல் 30 அன்று பெய்தது. 246 பேர் இறந்தார்கள். 2014 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மகாராஷ்டிரத்தின் மராத்வாடா, விதர்பா பகுதிகளில் நாள்கணக்கில் பெய்து பயிர்களை அழித்தது. கூரைகளுக்கு நேர்ந்த கேட்டுக்குப் பெயர்பெற்றது சிட்னி: 1999 ஏப்ரல் 14 மாலை, நகரத்தின் கிழக்குப் பகுதிகளில் பல்லாயிரம் ஓட்டு வீடுகளும் கற்பலகைக் கூரைகளும் நொறுங்கின. காப்பீட்டு இழப்பு மட்டும் 170 கோடி ஆஸ்திரேலிய டாலர். சுட்ட களிமண் ஓடு ஆலங்கட்டியிடம் ஷிங்கிளைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் தோற்கும்போது முழுதாக உடைந்து தோற்கும். ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பும், அடியில் மரத்தின் தாங்கல் இல்லாத மூலையுமே முதலில் பிளக்கும். தகரமும் அலுமினியத் தகடும் ஒடுங்குமே தவிர ஒழுகாது.

திருவனந்தபுரத்தில் கதை வேறு. இங்கே காற்றின் உறைநிலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகத்தின் உச்சியில் உருவாகும் சிறு கற்கள் அத்தனை தூரம் வெதுவெதுப்பான காற்றின் ஊடே விழுந்து வருவதற்குள் நீராகிவிடுகின்றன. கல்லைப் பெரிதாக்க வேண்டிய, உயரத்துக்கு உயரம் திசையும் வேகமும் மாறும் காற்றும் கோடைக்கால வடஇந்தியாவைப் போல இங்கே வலுவாக இல்லை. மூணாறு, வயநாடு போன்ற உயர்ந்த இடங்களில், மேகத்துக்கும் தரைக்கும் இடைவெளி குறைவதால், மார்ச் முதல் மே வரையிலான இடிமழையோடு ஆலங்கட்டி விழுவது உண்டு. கேரளத்தார் அதை ஆலிப்பழம் என்பார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது பொருந்தும். கடற்கரை நகரத்தில் விழுந்தால் அது மறுநாள் நாளிதழில் படத்தோடு வரும் செய்தி.

வானத்தை அளந்து பார்ப்பது இந்த ஊருக்குப் பழைய வழக்கம். சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் வானாய்வகம் ஒன்றை நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், 1,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அகத்திய மலை உச்சியிலும் கருவிகளை வைத்து, கீழும் மேலும் ஒரே வேளையில் அளவெடுக்கச் செய்தார். யானையும் அட்டையும் நிறைந்த காட்டைக் கடந்து அந்தக் கருவிகளைச் சுமந்தவர்களின் பெயரை வரலாறு எழுதிவைக்கவில்லை. இன்றும் வானிலைத் துறையின் மையம் அந்தப் பழைய வானாய்வகக் குன்றில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை, தென்மேற்குப் பருவம் ஒருமுறை, துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவம் மறுமுறை: கூரை போடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கணக்கு இது.

ஆலங்கட்டி இல்லாத ஊரில் கூரையை அடிப்பது தேங்காய். முற்றிய தேங்காய் மட்டையோடு ஒன்றரைக் கிலோ என்றும், மரம் கூரைக்கு மேல் பதினைந்து மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இறங்குகிறது. மோதல் ஆற்றல் 220 ஜூல். நான்காம் வகுப்புச் சோதனைக் குண்டைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு! மட்டையின் நார் அமுங்கிக் கொடுப்பதாலும், அடி அகலமான பரப்பில் பரவுவதாலும், எஃகுக் குண்டு போல ஒரே புள்ளியைக் குத்தாது என்பது உண்மை. கான்கிரீட்டின் மேல் ஒட்டிய ஷிங்கிள் பெரும்பாலும் குறுணை உதிர்ந்த தழும்போடு தப்பும். சிமென்ட் இழைப் பலகையின் மேல் ஒட்டியதாக இருந்தால் அடியிலுள்ள பலகை உடையும். மேலே ஷிங்கிள் வளைந்து கொடுத்து உடைவை மறைத்துவிடும். மங்களூர் ஓடு நொறுங்கும், அதன் சில்லு வீட்டுக்குள் விழும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்றால் நேரே துளை. ஆலங்கட்டி தாங்கும் என்று அச்சிட்ட அட்டையைக் காட்டி இங்கே ஷிங்கிள் விற்கிறவரிடம் தேங்காய் தாங்குமா என்று கேட்பதுதான் பொருத்தம்.

கேள்விக்கு விடை பொருளில் இல்லை, மரத்தில் இருக்கிறது. கூரைமேல் சாயும் தென்னையில் காய்களை முற்றி உதிரும் முன்பே பறிக்க வேண்டும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை பறிப்பது வழக்கம். பழுத்த ஓலையையும் அப்போதே இறக்கிவிட வேண்டும். மரமேறுவோர் கிடைப்பதில்லை என்ற குறை நெடுநாளாக உண்டு. அதனால்தான் கொச்சியைத் தலைமையகமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் இளைஞர்களுக்கு மரமேறும் கருவியோடு பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. பறிக்க ஆள் வராத மரத்துக்குக் குலையின் கீழே கம்பிவலை கட்டுவதும் உண்டு. வலைக்கும் ஆயுள் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்த எதிரி காற்று. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் கன்னியாகுமரிக்குத் தெற்கே திரண்டு திருவனந்தபுரம் கரையோரமாகக் கடந்த ஒக்கிப் புயல், பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர் பலரைக் கடலிலேயே பறித்துக்கொண்டது. கரையில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. அத்தகைய புயல் அரிது. ஆனால் கோடை இடிமழைக்கு முன்னால் சுழன்றடிக்கும் காற்று ஆண்டுதோறும் வருவது. காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட விளிம்பில் புகுந்து உறிஞ்சித் தூக்குவதே அதிகம். இறவாரம், முகடு, மூலை ஆகிய மூன்று இடத்திலும் இழுப்பு மிகும். நடுக்கூரை ஒன்றுமறியாமல் கிடக்கும். ஷிங்கிளின் அடிப்பக்கத்தில் ஒரு பசைக்கோடு உண்டு. வெயிலில் அது இளகிக் கீழே உள்ள பட்டையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஈரக் கான்கிரீட்டின் மேலோ, துடைக்காத சிமென்ட் தூசியின் மேலோ போட்டால் அது ஒருபோதும் சரியாக ஒட்டாது. திருவனந்தபுரத்தில் ஷிங்கிள் பறந்த வீடுகளில் குற்றம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். வேலையை ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்வது நல்லது. பட்டைக்கு நான்கு ஆணி என்பது பொது வழக்கம். காற்று வாங்கும் மேட்டிலும் கடலோரத்திலும் ஆறு. ஆணி, உப்புக்காற்றைத் தாங்கும் துத்தநாகப் பூச்சு உடையதாக இருக்க வேண்டும். ஆணித்தலை பட்டைக்குள் புதையும்படி அடித்தால் அந்த இடமே கிழிவுக்குத் தொடக்கம்.

மூன்றாவது எதிரி, மெல்ல வேலை செய்வது: பாசி. ஆண்டில் பாதிநாள் நனைந்து கிடக்கும் கூரையில், வடக்குச் சரிவிலும் மரநிழலிலும், கருங்கோடுகளாகப் பாசி இறங்கும். தாரில் கலந்துள்ள சுண்ணாம்புக்கல் பொடியையே சில வகைப் பாசி உணவாக்கிக்கொள்ளும். வீட்டுக்காரர் செய்யும் பெரிய தவறு, வாகனம் கழுவும் அழுத்தநீர்க் கருவியை வாடகைக்கு எடுத்து அடிப்பது. பத்தாண்டு வெயில் செய்யாத கேட்டை அது ஒரு பிற்பகலில் செய்துவிடும். பாசியோடு குறுணையும் கூரை விளிம்பின் நீர்ப்பாத்தியில் வந்து சேரும். முகட்டை ஒட்டிச் செம்பு அல்லது துத்தநாகப் பட்டை ஒன்றைப் பதித்தால், மழைநீர் அதைத் தொட்டு வழியும்போது கரையும் உலோகம் பாசியைத் தடுக்கும். மரக்கிளையை வெட்டி வெயில் விடுவது அதைவிட மலிவு.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கருஞ்சாம்பல் ஷிங்கிள் ஏப்ரல் நண்பகலில் அறுபது பாகைக்கு மேல் சூடேறும். அமெரிக்க வீட்டில் அந்தச் சூட்டைப் பரணின் காற்றோட்டம் வெளியேற்றிவிடும். கான்கிரீட்டோடு ஒட்டிய கூரையில் அது இரவு முழுதும் படுக்கையறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மங்களூர் ஓட்டுக்கும் கைமரத்துக்கும் இடையே காற்று புகுந்து செல்லும் இடுக்குகள் இருந்தன; மச்சுக்கும் ஓட்டுக்கும் இடையே முழு அறையளவு வெளி இருந்தது. பேசல் மிஷன் மங்களூரில் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்குவதற்கு முன்பே, பத்மநாபபுரம் அரண்மனையும் கோட்டைக்குள் உள்ள குதிரமாளிகையும் செங்குத்தான சரிவாலும் ஆழமான இறவாரத்தாலும் மழையையும் வெயிலையும் சமாளித்தன. 1970 முதல் இந்த ஊரில் குடியிருந்து வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் வேலை செய்யாமல் கிடக்கும் இடத்தில் பழைய மங்களூர் ஓட்டைப் பதித்துச் சிமென்ட்டையும் கம்பியையும் மிச்சம் பிடித்தார். அகப்படும் காற்று சூட்டையும் குறைத்தது. நேராகச் சொன்னால், இந்தத் தட்பவெப்பத்துக்கு ஷிங்கிள் முதல் தேர்வாக இருக்க வேண்டியதில்லை. வளைந்த கூரைக்கும், கனம் தாங்காத சட்டத்துக்கும் அது வேண்டியிருக்கலாம். அப்போதும் வெளிர்நிறத்தையும், அடியில் ஒரு காற்றிடைவெளியையும் கேட்டுப் பெற வேண்டும். சரிவு பதினெட்டுப் பாகைக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் பள்ளத்திலும், சுவரோடு கூரை சேரும் இடத்திலும் தகரப் பட்டை இல்லாமல் பசையை மட்டும் நம்பி வேலை முடிப்பதை ஏற்கக் கூடாது. ஒழுகல்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. எந்தக் கூரையானாலும், போட்ட அதே சரக்கில் ஒரு கட்டு மிச்சம் வாங்கி வீட்டில் வைக்க வேண்டும். ஓட்டில் கம்பெனிக்குக் கம்பெனி பள்ளமும் மேடும் மாறும். ஷிங்கிளில் நிறம் மாறும்.

புயலோ கல்மழையோ கடந்த பிறகு பார்வையிடுவதற்கு ஒரு முறை உண்டு. நனைந்த கூரையில் ஏறக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மேல் எந்த நாளிலும் கால் வைக்கக் கூடாது. தரையிலிருந்தே முதலில் பார்க்க வேண்டியது பாத்தியும் தண்ணீர்க் குழாயின் வாயும்: புதுக் கூரையில் முதல் மழைகளில் கொஞ்சம் குறுணை உதிர்வது இயல்பு, பழைய கூரையில் திடீரெனக் கைநிறையக் கிடைத்தால் கவனிக்க வேண்டும். அலுமினியப் பாத்தி, குளிரூட்டியின் வெளிப்பெட்டித் தகடு, காரின் மேற்பரப்பு ஆகியவற்றில் ஒடுக்கு இருந்தால் கல்லின் அளவும் வந்த திசையும் தெரிந்துவிடும். கூரை உலர்ந்தபின் அனுபவமுள்ள ஆள் ஏறி, ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடிச் சதுரம் ஒன்றைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, அதற்குள் உள்ள அடிகளை எண்ணுவது நம்பகமான வழி. புதுக்காயம் கருப்பாகப் பளபளக்கும். பழையது சாம்பல் பூத்திருக்கும். வெயிலில் தார் கொப்பளித்து உடைந்த குழிகளையும் கல்லடி என்று காட்டிப் புதுக்கூரை விற்க வருவோர் உண்டு. கொப்பளத்தின் விளிம்பு செங்குத்தாக இருக்கும், அடியிலுள்ள பாய் உடைந்திருக்காது.

சேதம் உறுதியானால் தேதி தெரியும்படி படம் எடுத்துவிட்டு, தார்ப்பாயால் மூடி மேலும் நனையாமல் காக்க வேண்டும். உடைந்த துண்டுகளைக் காப்பீட்டு மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை வீசக் கூடாது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவடிவ வீட்டுக் காப்பீட்டை வழங்குகின்றன. புயல், வெள்ளம், இடி, நிலச்சரிவு ஆகியவற்றோடு வெளிப்பொருள் மோதுவதும் மரம் விழுவதும் அதில் அடங்கும்; தேய்மானம் அடங்காது. ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறை நல்ல நிலையில் கூரையைப் படம் எடுத்து வைத்திருப்பவரின் கோரிக்கைக்கு வலு கூடும். ஷிங்கிளோடு தரும் உத்தரவாதப் பத்திரத்தை நம்பி இருப்பவர் அதன் விலக்குப் பகுதியைப் படித்துவிட வேண்டும். உற்பத்திக் குறையை மட்டுமே அது ஏற்கும். ஆலங்கட்டியும் முறையற்ற ஒட்டலும் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். காப்பீடு இல்லாதவர் சேதத்தைக் கிராம அலுவலகத்தில் எழுதித் தரலாம். பேரிடர் நிவாரண நிதிக்கான நடுவண் அரசின் பட்டியலில் ஆலங்கட்டி மழை இருக்கிறது. பலத்த காற்றையும் இடிமின்னலையும் கேரள அரசு தன் மாநிலப் பேரிடர்களாகச் சேர்த்திருக்கிறது.

அடுத்த வீட்டுத் தென்னை தன் கூரைமேல் சாய்ந்து நின்றால், சொல்லியும் கேளாத உரிமையாளருக்கு எதிராக வருவாய்க் கோட்ட அலுவலரிடம் மனு கொடுக்கலாம். விழக்கூடிய மரத்தை வெட்டவோ முட்டுக் கொடுக்கவோ ஆணையிடும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் உள்ளது. மனுவோடு மரத்தின் சாய்வும் கூரையும் ஒருங்கே தெரியும் படத்தை இணைக்க வேண்டும். தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.